கவரிங் லெட்டரில் என்ன எழுதுவது: திருப்பூரில் மெர்ச்சண்டைசர் வேலைக்கு மனுப் போடும் ஒருவருக்கு

கேள்வி கேட்டவர் தம்மைப் பற்றிச் சொல்லியிருப்பது இது. பி.காம். படித்தவர். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் நான்கு ஆண்டுகளாகப் புரொடக்‌ஷன் ஃபாலோஅப், அதாவது ஆர்டர் எந்த யூனிட்டில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தொடர்ந்து பார்த்து முடுக்கிவிடும் வேலை, பார்க்கிறார். இப்போது வேறு நிறுவனங்களில் ஜூனியர் மெர்ச்சண்டைசர் வேலைக்கு, அதாவது பையர் எனப்படும் வெளிநாட்டு வாங்குநரோடு பேசி விலை முதல் ஷிப்மெண்ட் வரை ஆர்டரைக் கவனிக்கும் வேலைக்கு, மனுப் போட்டு வருகிறார். ரெஸ்யூமுடன் இணையத்தில் கிடைத்த ஒரு கவரிங் லெட்டரையும் சேர்த்து அனுப்புகிறார். எங்கிருந்தும் அழைப்பு வரவில்லை. கவரிங் லெட்டரை யாராவது படிக்கிறார்களா, படிக்கிறார்கள் என்றால் அதில் என்ன இருக்க வேண்டும் என்று கேட்கிறார். மெர்ச்சண்டைசிங் பிரிவுக்கு ஆள் எடுக்கும் பொறுப்பில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், அவருடைய தொழிலையே எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

முதலில் யார் படிக்கிறார்கள் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. நௌக்ரி போன்ற தளங்களில் பொத்தானை அழுத்தி மனுப் போடும்போது பெரும்பாலும் ரெஸ்யூம் மட்டுமே சலிக்கப்படுகிறது. அங்கே கடிதம் படிக்கப்படும் என்று நம்பி இரவெல்லாம் உட்கார்ந்து எழுத வேண்டியதில்லை. பெரிய நிறுவனங்களில் எச்.ஆர். பிரிவு முதலில் பார்க்கும். அவர்களுக்கு வேண்டியது பதவியின் பெயர், அனுபவம், எப்போது சேர முடியும் என்ற மூன்றும்தான். ஆனால் திருப்பூரில் நடுத்தர நிறுவனங்கள் அதிகம். அங்கே உங்கள் மின்னஞ்சலைத் திறப்பவர் மெர்ச்சண்டைசிங் மேனேஜராகவோ, சில இடங்களில் முதலாளியாகவோதான் இருப்பார். அவர் பையருக்குப் பதில் எழுதுவதற்கும் சாயப்பட்டறைக்குப் போன் போடுவதற்கும் இடையில், பெரும்பாலும் கைப்பேசியில், அதைப் பார்க்கிறார். ரெஸ்யூம் இணைப்பைத் திறக்கலாமா வேண்டாமா என்பதை மின்னஞ்சலில் கண்ணில் படும் முதல் நாலைந்து வரிகளை வைத்துத்தான் முடிவு செய்கிறார். ஆகவே உங்கள் நிலையில் இருப்பவருக்குக் கவரிங் லெட்டர் நிச்சயமாகத் தேவை. இணையத்திலிருந்து எடுத்த கடிதம்தான் தேவையில்லை. அதே கடிதம் அந்த மேனேஜருக்கு வேறு பெயர்களில் ஏற்கெனவே பலமுறை வந்திருக்கும்.

ரெஸ்யூமில் இருப்பதையே கடிதத்தில் மறுபடி வாக்கியமாக்கிச் சொல்வது பலருடைய வழக்கம். பி.காம். முடித்தேன், இந்த ஆண்டு முதல் இந்த ஆண்டு வரை இங்கே பணிபுரிந்தேன், எம்.எஸ். ஆபீஸ் தெரியும் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். படிக்கிறவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ரெஸ்யூமைப் பார்த்தவுடன் அவர் மனத்தில் உங்களைப் பற்றி ஒரு சந்தேகம் எழும். அந்தச் சந்தேகம் என்ன என்பதை நீங்களே முன்கூட்டிக் கண்டுபிடித்து, அவர் கேட்பதற்கு முன்பே, நடந்த ஒரு நிகழ்ச்சியை வைத்துப் பதில் சொல்வதுதான் கவரிங் லெட்டரின் வேலை. மற்றவையெல்லாம் மரியாதைக்கும் வசதிக்கும் சேர்ப்பவை.

உங்கள் ரெஸ்யூமைப் பார்க்கும் மேனேஜருக்கு என்ன சந்தேகம் வரும்? நிஃப்ட்-டீ போன்ற கல்லூரியில் ஆடை வடிவமைப்போ ஆடைத் தயாரிப்போ படித்துவிட்டு வரும் பிள்ளைகளும் இதே வேலைக்கு மனுப் போடுவார்கள். அவர்களுக்கு டெக் பேக் (ஆடையின் அளவு, துணி, தையல் விவரங்கள் கொண்ட தாள்) படிக்கத் தெரியும், துணி வகைகளைப் பற்றிப் பாடமாகத் தெரியும். ஆனால் ஒரு நிட்டிங் யூனிட்டில் மெஷின் நின்றுவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று தெரியாது. உங்களுக்கு அது தலைகீழ். தயாரிப்புத் தளத்தில் நடப்பது அத்தனையும் உங்களுக்குத் தெரியும் என்று அவர் எளிதில் நம்புவார். பையருடன் மெயிலில் பேச வருமா, காஸ்டிங் (ஒரு பீஸுக்கு ஆகும் செலவுக் கணக்கு) போட முடியுமா, வண்டியை எடுத்துக்கொண்டு யூனிட் யூனிட்டாகச் சுற்றிய ஆள் கணினி முன்னால் உட்கார்ந்து பத்து ஸ்டைலுக்கு (ஆடை வடிவத்துக்கு) ஒரே நேரத்தில் கணக்கு வைத்துக்கொள்வாரா என்பதில்தான் அவருக்கு ஐயம். உங்கள் கடிதம் பேச வேண்டியது இதைப் பற்றித்தான். கல்லூரியிலிருந்து நேராக வரும் ஒருவர் எழுத வேண்டிய கடிதம் வேறு. ஐந்து ஆண்டு இடைவெளிக்குப் பின் வேலைக்குத் திரும்பும் ஒரு பெண் எழுத வேண்டிய கடிதம் வேறு. எல்லாருக்கும் பொருந்தும் மாதிரிக் கடிதம் ஒன்று இருக்க முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

இனி, கடிதம் கெட்டுப்போகும் இடம். நம்மில் பலருக்குக் கடிதம் என்றால் பள்ளிக்கூடத்தில் படித்த விடுநர், பெறுநர், பொருள், மதிப்பிற்குரிய ஐயா என்ற வடிவம்தான் கையில் இருக்கிறது. விடுப்பு விண்ணப்பத்துக்கும் தெருவிளக்கு வேண்டி நகராட்சிக்கு எழுதும் மனுவுக்கும் பழகிய அந்தக் கையே வேலைக்கும் எழுதுகிறது. ஆகவே கடிதம் முழுவதும் மனுதாரரின் குரலிலேயே அமைந்துவிடுகிறது: தங்கள் மேலான பார்வைக்குத் தாழ்மையுடன் சமர்ப்பிக்கிறேன், வாய்ப்பளித்தால் என்றென்றும் கடமைப்பட்டிருப்பேன், என் குடும்பம் என்னை நம்பி இருக்கிறது என்றெல்லாம். பணிவில் தவறில்லை, திருப்பூரில் வயதில் மூத்த முதலாளிக்கு எழுதும்போது மரியாதையும் குறையக் கூடாது. ஆனால் தொடக்கத்தில் ஒரு ‘மதிப்பிற்குரிய’வும் முடிவில் ஒரு நன்றியும் அதற்குப் போதும். குடும்பச் சூழ்நிலையை எழுதினால் இரக்கம் வரும் என்று நினைக்கிறோம். இரக்கப்பட்டு யாரும் ஷிப்மெண்ட் பொறுப்பை ஒப்படைப்பதில்லை.

இதற்கு மறுபக்கம் தற்பெருமை. கடின உழைப்பாளி, நேர்மையானவர், எந்தச் சூழலிலும் விரைவாகக் கற்றுக்கொள்பவர், குழுவாகச் செயல்படுபவர் என்ற அடைமொழிகள் வரிசையாக வரும். இவற்றை எழுதாத கடிதமே இல்லை என்பதால், எழுதினாலும் எழுதாவிட்டாலும் ஒன்றுதான். நீங்கள் கடின உழைப்பாளி என்பதை நீங்களே சொன்னால் படிக்கிறவர் நம்ப வேண்டிய கட்டாயமில்லை; ஞாயிற்றுக்கிழமை காலையில் காம்பாக்டிங் யூனிட்டில் (துணியின் அகலத்தையும் சுருக்கத்தையும் சீராக்கும் இடத்தில்) நின்றீர்கள் என்று எழுதினால் அவரே அந்த முடிவுக்கு வருவார்.

நிறுவனத்தைப் பற்றி ஒரு வாக்கியமாவது இருக்க வேண்டும். ‘தங்கள் புகழ்பெற்ற நிறுவனம்’ என்பது அந்த வாக்கியம் ஆகாது. மனுப் போடுவதற்கு முன் அரை மணி நேரம் ஒதுக்கி அவர்கள் இணையதளத்தைப் பாருங்கள். குழந்தைகள் ஆடையா, உள்ளாடையா, இரவு உடையா. சொந்தமாக நிட்டிங், பிரிண்டிங் வைத்திருக்கிறார்களா, எல்லாம் வெளியே கொடுத்துச் செய்யும் ஜாப் ஒர்க்கா. காட்ஸ் (GOTS) சான்றிதழ் இருக்கிறதா, அதாவது இயற்கை வேளாண்மையில் விளைந்த பருத்தியில் செய்கிறார்களா. அவர்களுடைய சரக்கு அமெரிக்கா போகிறதா, ஐரோப்பா போகிறதா. இந்தக் கடைசிக் கேள்வியின் எடை இப்போது அதிகம். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீது விதித்த கூடுதல் வரி 50 சதவீதமாக உயர்ந்தபோது, அமெரிக்க பையர்களையே நம்பியிருந்த திருப்பூர் நிறுவனங்கள் ஆர்டர்கள் நிறுத்தப்பட்டும் விலைக்குறைப்புக் கேட்கப்பட்டும் தவித்தன. அதற்கு ஒரு மாதம் முன்பு, ஜூலை 24 அன்று, பிரிட்டனுடன் கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தம் நம் ஆடைகளுக்கு அங்கே இருக்கும் இறக்குமதி வரியை நீக்குவதற்கு வழி செய்கிறது. ஒரு நிறுவனம் தன் வேலை அறிவிப்பில் பிரிட்டன், ஐரோப்பிய பையர்களுக்கு என்று குறிப்பிட்டு மெர்ச்சண்டைசர் கேட்டால் ஏன் கேட்கிறது என்பது உங்களுக்குப் புரிய வேண்டும். புரிந்ததைக் கடிதத்தில் விரிவுரையாக எழுதாதீர்கள். முதலாளிக்கு அவருடைய தொழிலையே பாடம் நடத்துவது போலாகிவிடும். ‘நான் இப்போது பார்க்கும் ஆர்டர்களில் பெரும்பகுதி பிரிட்டனுக்குப் போகும் குழந்தைகள் ஆடைகள், தங்கள் நிறுவனத்திலும் அதே வகை என்பதால் இந்த வேலைக்கு மனுச் செய்கிறேன்’ என்று உங்கள் அனுபவத்தோடு சேர்த்து ஒரே வாக்கியத்தில் சொன்னால் போதும்.

கடிதத்தின் உயிர் நடுப்பத்தியில் இருக்கிறது. கூடுதல் நேரத்தை இங்கேதான் செலவிட வேண்டும். பெரும்பாலும் வருவது இப்படி இருக்கும்: ‘நிட்டிங் முதல் பேக்கிங் வரை அனைத்துப் பணிகளையும் ஒருங்கிணைத்து, ஷிப்மெண்ட் குறித்த நேரத்தில் செல்வதை உறுதி செய்துள்ளேன்.’ பிழையில்லாத வாக்கியம்தான். ஆனால் திருப்பூரில் ஃபாலோஅப் பார்க்கும் எவரும் இதை எழுதலாம் என்பதால் உங்களை இதில் காணவில்லை. இதற்குப் பதிலாக நான்கு ஆண்டுகளில் உங்கள் கைவழியாக நடந்த ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய சாதனையாக இருக்க வேண்டியதில்லை. உதாரணத்துக்கு இப்படி ஒன்று நடந்திருக்கலாம் (ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராம் கணக்கில்; சிங்கிள் ஜெர்சி என்பது டி-ஷர்ட்டுக்கான பின்னல் துணி):

‘12,000 பீஸ் கொண்ட குழந்தைகள் டி-ஷர்ட் ஆர்டரில் பையர் கேட்டது 180 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்சி, 5 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம். காம்பாக்டிங்கிலிருந்து வந்த முதல் லாட்டைக் கட்டிங்குக்கு அனுப்பும் முன் நான் வெட்டி எடைபோட்டுப் பார்த்தபோது 168 இருந்தது. அகலத்தை இழுத்து ஓட்டியதுதான் காரணம் என்று தெரிந்ததால், கட்டிங்கை நிறுத்திவைத்து, அன்றே யூனிட்டுக்குத் துணியைத் திருப்பி அனுப்பி மறுபடி ஓட்டச் செய்தேன். இதில் போன இரண்டு நாளை ஈடுகட்ட, எல்லா சைஸும் சேர்ந்து வரக் காத்திராமல் சைஸ் வாரியாகத் தையலுக்குக் கொடுக்கும்படி மாற்றி, புதிய தேதிகளை மெர்ச்சண்டைசருக்கு எழுத்தில் கொடுத்தேன். சரக்கு முதலில் ஒப்புக்கொண்ட தேதியிலேயே தூத்துக்குடி வழியாகக் கப்பலில் போயிற்று.’

இதில் தொழில் தெரிந்த ஒருவர் என்ன படிக்கிறார் என்று பாருங்கள். 180-க்கு 5 சதவீதம் என்றால் கீழ் எல்லை 171. 168 என்பது நிராகரிக்கப்படும் அளவு என்று இந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது. கட்டிங் ஆனபிறகு கண்டுபிடித்தால் ஒன்றும் செய்ய முடியாது என்பதால் அதற்கு முன்னாலேயே சோதித்திருக்கிறார். காரணத்தைத் தேடிப் போயிருக்கிறார். தாமதத்தை மூடிமறைக்காமல் மெர்ச்சண்டைசருக்கு எழுத்தில் சொல்லியிருக்கிறார். மெர்ச்சண்டைசர் வேலையில் பாதி இந்தக் கடைசிக் குணம்தான்: கெட்ட செய்தியைச் சரியான நேரத்தில், மாற்று வழியோடு, எழுத்தில் சொல்வது. கப்பலில் போனது என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் இருக்கும் பணத்தையும் அவர் கணக்கிட்டிருப்பார். தாமதமான சரக்கை ஏர் ஷிப்மெண்டில் அனுப்ப நேர்ந்தால் அந்த ஆர்டரின் லாபம் முழுவதும் விமானக் கட்டணமாகப் போய்விடும் என்பது திருப்பூரில் யாருக்கும் விளக்க வேண்டாத விஷயம். கடின உழைப்பு, பொறுப்பு, விரைவான முடிவு என்ற சொற்கள் ஒன்றுகூட அந்தப் பத்தியில் இல்லை. படித்து முடித்தவர் மனத்தில் அவை இருக்கும்.

நிகழ்ச்சியை எழுதும்போது இரண்டு எல்லைகளைத் தாண்டக் கூடாது. முதலாவது, இப்போது வேலை பார்க்கும் நிறுவனத்தின் இரகசியம். பையர் பெயர், ஒப்புக்கொண்ட எஃப்.ஓ.பி. விலை (சரக்கைக் கப்பலில் ஏற்றும் வரையிலான விலை), சப்ளையருக்குக் கொடுத்த ரேட் ஆகியவை கடிதத்தில் வரவே கூடாது. அவற்றை எழுதினால் விவரம் தெரிந்தவர் என்று மெச்சுவார்கள் என நினைக்கலாம். ஆனால் நாளைக்கு நம் விலையையும் இப்படித்தான் வெளியே சொல்வார் என்றுதான் மேனேஜர் நினைப்பார். அப்படி வந்த மனுக்களை, ஆள் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், நான் ஒதுக்கியிருக்கிறேன். ‘பிரிட்டனைச் சேர்ந்த குழந்தைகள் ஆடை பையர்’ என்று பொதுவாகச் சொன்னால் போதும். இரண்டாவது எல்லை உண்மை. மற்றவர் செய்ததை நீங்கள் செய்ததாக எழுதாதீர்கள். நீங்கள் செய்த பங்கு சிறிதாக இருந்தால் சிறிதாகவே எழுதுங்கள். திருப்பூர் பெரிய ஊர்போலத் தெரியும், ஆனால் தொழில்வட்டம் சின்னது. உங்கள் காம்பாக்டிங் யூனிட்காரர் புது நிறுவனத்துக்கும் துணி ஓட்டிக்கொடுப்பவராக இருப்பார். ஒரு போனில் விசாரித்துவிடுவார்கள்.

அடுத்து, உங்களிடம் இல்லாததை எப்படிச் சொல்வது. பையருக்கு நேரடியாக மெயில் எழுதிய அனுபவம் இல்லை என்பதை மறைத்தால் நேர்முகத்தில் முதல் கேள்வியிலேயே வெளிப்பட்டுவிடும். மன்னிப்புக் கேட்கும் தொனியில் எழுதினால் குறை பெரிதாகத் தெரியும். இல்லாததை ஒரு பாதி வாக்கியத்தில் ஒப்புக்கொண்டு, அதற்கு மிக அருகில் உங்களிடம் இருப்பதை மறுபாதியில் வையுங்கள். ‘பையருக்கு நான் நேரடியாக எழுதியதில்லை, வாரந்தோறும் பையருக்குப் போகும் ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்டில் நிட்டிங் முதல் பேக்கிங் வரையிலான பகுதியை நான்தான் தயாரித்துத் தருகிறேன்’ என்பது நேர்மையாகவும் இருக்கிறது, வாசலைத் திறந்தும் வைக்கிறது. காஸ்டிங்கும் அப்படித்தான். நூல் விலை, நிட்டிங் கூலி, சாயக் கூலி, தையல் கூலி எல்லாம் ஃபாலோஅப் பார்ப்பவருக்கு விரல்நுனியில் இருக்கும். ஒரு பீஸுக்கு எத்தனை கிராம் துணி போகும் என்ற கணக்கையும் கழிவு சதவீதத்தையும் சேர்க்கக் கற்றுக்கொண்டால் காஸ்டிங் தாளில் பெரும்பகுதி வந்துவிடும். பழைய ஸ்டைல் ஒன்றுக்கு நீங்களே வீட்டில் உட்கார்ந்து காஸ்டிங் போட்டுப் பார்த்துவிட்டு, ‘காஸ்டிங் தாள் தயாரித்துப் பழகிவருகிறேன்’ என்று எழுதுங்கள். பழகாமல் எழுதாதீர்கள்.

வேலையை ஏன் விடுகிறீர்கள் என்பதற்குக் கடிதத்தில் நீண்ட விளக்கம் வேண்டாம். இப்போதைய மேலாளர் சரியில்லை, சம்பளம் நேரத்துக்கு வருவதில்லை என்பவை உண்மையாகவே இருந்தாலும் அதற்கான இடம் இதுவன்று. மெர்ச்சண்டைசிங்குக்கு மாற விரும்புகிறேன், இப்போதிருக்கும் இடத்தில் அந்தப் பிரிவில் இடமில்லை என்றால் போதும். சம்பளத்தை அறிவிப்பில் கேட்டிருந்தால் மட்டும் எழுதுங்கள். எத்தனை நாளில் சேர முடியும் என்பதைக் கேட்காவிட்டாலும் எழுதுங்கள். சீசன் தொடங்கும் நேரத்தில் ஆள் தேடுகிறவருக்கு வேறு எல்லாவற்றையும்விட அது பயன்படும்.

மொழியைப் பற்றி. கடிதம் ஆங்கிலத்தில்தான் போக வேண்டியிருக்கும், ஏனென்றால் உங்கள் ஆங்கிலம் எப்படி என்பதைப் பார்ப்பதற்கும் அந்தக் கடிதமே சான்று. அதற்காக ஆங்கிலத்திலேயே யோசிக்கத் தொடங்கினால், கைக்கு வருவது இணையத்தில் கிடைக்கும் அதே தேய்ந்த தொடர்களாகத்தான் இருக்கும். நான் சொல்லும் வழி, நடந்ததை முதலில் தமிழில், ஒரு நண்பரிடம் சொல்வதைப் போல எழுதிவிடுவது. என்ன நடந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன ஆயிற்று என்பது தமிழில் தெளிவாக வந்தபின், ஒவ்வொரு வாக்கியத்தையும் உங்களுக்குத் தெரிந்த எளிய ஆங்கிலத்தில் சின்னச் சின்ன வாக்கியங்களாக மாற்றுங்கள். பையர்கள் எழுதும் மெயில்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் நாலு சொல்லில் கேட்கிறார்கள், நாலு சொல்லில் பதில் எதிர்பார்க்கிறார்கள். அந்த ஆங்கிலம்தான் இந்த வேலைக்கு வேண்டிய ஆங்கிலம். ‘ரெஸ்பெக்டட் சார், வித் டியூ ரெஸ்பெக்ட்’ என்று தொடங்கி ‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல்’ என்று முடியும் ஆங்கிலத்தை வெளிநாட்டு பையருக்கு அனுப்ப முடியாது என்பது மேனேஜருக்குத் தெரியும்.

சாட்ஜிபிடி போன்ற செயலிகளைப் பயன்படுத்தலாமா என்று சிலர் கேட்கிறார்கள். நீங்கள் எழுதி முடித்த கடிதத்தில் இலக்கணப் பிழை திருத்தக் கொடுங்கள், அதில் குற்றமில்லை. வேலை அறிவிப்பை அப்படியே ஒட்டி ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னால் மட்டும், அதே அறிவிப்பை ஒட்டிய மற்றவர்களுக்குக் கிடைத்ததும் உங்களுக்குக் கிடைத்ததும் ஒரே சாயலில் இருக்கும். 168 ஜிஎஸ்எம் செய்தி அந்தச் செயலிக்குத் தெரியாது. நீங்கள் சொல்லாவிட்டால் அது கடிதத்தில் வராது. திருத்தி வாங்கியபின் வாய்விட்டுப் படியுங்கள். நேர்முகத்தில் உங்கள் வாயில் வராத சொல் கடிதத்தில் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

அனுப்பும் முறை பற்றிச் சுருக்கமாக. கடிதத்தைத் தனி வேர்டு கோப்பாக இணைக்காமல், மின்னஞ்சலின் உடலிலேயே எழுதுங்கள். கைப்பேசியில் யாரும் இரண்டு இணைப்புகளைத் திறப்பதில்லை. பொருள் வரியில் பதவி, பெயர், அனுபவம், சேரக்கூடிய நாள் ஆகிய நான்கும் இருக்கட்டும். ரெஸ்யூம் பி.டி.எஃப். ஆக, உங்கள் பெயரும் பதவியும் கொண்ட கோப்புப் பெயரோடு இருக்க வேண்டும். ‘நியூ ரெஸ்யூம் ஃபைனல் 2’ என்ற பெயரில் வரும் கோப்பை இன்னொருவர் தம் கணினியில் எப்படித் தேடி எடுப்பார்? எல்லாவற்றுக்கும் மேலாக, இருபது நிறுவனங்களின் முகவரியையும் ஒரே மின்னஞ்சலின் பெறுநர் வரியில் போட்டு அனுப்பாதீர்கள். இப்படி அனுப்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். போட்டி நிறுவனங்களின் பெயர்களையெல்லாம் ஒரே வரிசையில் பார்க்கும் முதலாளி அதற்குக் கீழே படிப்பதில்லை.

இதுவரை சொன்னதை வைத்து உங்கள் கடிதத்தின் பொருள் ஏறக்குறைய இப்படி அமையலாம். தமிழில் தருகிறேன், உங்கள் சொந்த நிகழ்ச்சியை வைத்து ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அதில் வரும் டி அண்ட் ஏ என்பது எந்த வேலை எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும் என்ற அட்டவணை.

‘மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் நிறுவனத்தில் ஜூனியர் மெர்ச்சண்டைசர் பணிக்கு வெளியான அறிவிப்பைப் பார்த்து எழுதுகிறேன். திருப்பூரில் குழந்தைகள் ஆடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் நான்கு ஆண்டுகளாகப் புரொடக்‌ஷன் ஃபாலோஅப் பார்க்கிறேன். நூல் வாங்குவது முதல் கண்டெய்னர் ஏற்றுவது வரை ஒரே நேரத்தில் எட்டு முதல் பத்து ஸ்டைல்கள் என் பொறுப்பில் இருக்கும்.

அண்மையில் 12,000 பீஸ் ஆர்டர் ஒன்றில், கட்டிங்குக்கு முன் நான் சோதித்தபோது துணி 180-க்குப் பதில் 168 ஜிஎஸ்எம் இருந்தது. கட்டிங்கை நிறுத்தி, துணியை மறுபடி காம்பாக்டிங் செய்யவைத்து, தையலைச் சைஸ் வாரியாக மாற்றித் திட்டமிட்டு, புதிய தேதிகளை அன்றே மெர்ச்சண்டைசருக்கு எழுத்தில் கொடுத்தேன். சரக்கு ஒப்புக்கொண்ட தேதியில் கப்பலில் சென்றது.

பையருக்கு நான் நேரடியாக எழுதியதில்லை. வாரந்தோறும் பையருக்குப் போகும் ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்டில் தயாரிப்புப் பகுதியை நான் எழுதித் தருகிறேன். எக்செல்லில் டி அண்ட் ஏ அட்டவணையைப் பராமரிக்கிறேன். காஸ்டிங் தாள் தயாரித்துப் பழகிவருகிறேன். தங்கள் நிறுவனமும் பிரிட்டனுக்குக் குழந்தைகள் ஆடைகள் அனுப்புவதால், என் தயாரிப்புத் தள அனுபவம் முதல் நாளிலிருந்தே பயன்படும் என்று நம்புகிறேன்.

30 நாளில் பணியில் சேர இயலும். ரெஸ்யூம் இணைத்துள்ளேன். மாலை ஆறு மணிக்கு மேல் எந்த நாளும் நேரில் வந்து சந்திக்க முடியும்.

நன்றி.’

இதற்குக் கீழே பெயர், கைப்பேசி எண். ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். கைப்பேசியில் இரண்டு முறை விரலால் தள்ளினால் படித்து முடித்துவிடலாம். மாலை ஆறு மணி என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். வேலையில் இருக்கும் ஒருவர் பணி நேரத்தில் நேர்முகத்துக்கு வருவேன் என்றால், இங்கேயும் அப்படித்தான் போவார் என்ற எண்ணம் சிலருக்கு வரும். சின்ன விஷயம்தான், ஆனால் முதலாளிகள் கவனிக்கிறார்கள்.

ஒவ்வொரு நிறுவனத்துக்கும் முழுக்கடிதத்தையும் புதிதாக எழுத வேண்டியதில்லை. நிகழ்ச்சிப் பத்தியும் இல்லாததைப் பற்றிய பத்தியும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். நிறுவனத்தைப் பற்றிய வாக்கியம் ஒவ்வொரு முறையும் மாற வேண்டும். உள்ளாடை செய்யும் நிறுவனத்துக்கு மனுப் போட்டால் நிகழ்ச்சியையும் மாற்றுங்கள். அங்கே எலாஸ்டிக்கும் ரிப்பும் பற்றித் தெரிந்தவர்தான் வேண்டும்; டி-ஷர்ட் கதை அவ்வளவாக எடுபடாது. இரண்டு மூன்று நிகழ்ச்சிகளை எழுதி வைத்துக்கொண்டால் அறிவிப்புக்கு ஏற்பப் பொறுக்கிக்கொள்ளலாம்.

திருப்பூரில் பல இடங்களில் மின்னஞ்சலே கேட்பதில்லை. ‘ரெஸ்யூமை வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள்’ என்பார்கள். அப்போதும் வெறும் கோப்பை அனுப்பாமல், அதற்கு முன் நான்கு வரி தட்டச்சு செய்யுங்கள்: யார், எந்தப் பணிக்கு, என்ன அனுபவம், எப்போது சேரலாம். யார் சொல்லி அனுப்புகிறீர்களோ அவர் பெயரை, அவரிடம் கேட்டுவிட்டு, முதல் வரியிலேயே சேருங்கள். குரல் பதிவு அனுப்பாதீர்கள். அனுப்பி ஒரு வாரம் கழித்து ஒரு முறை, மதிய உணவு நேரம் தாண்டி, போனில் கேட்கலாம். பதில் இல்லையென்றால் அடுத்த நிறுவனத்துக்கான வாக்கியத்தை எழுதத் தொடங்குங்கள். அழைப்பு வந்தால், நீங்கள் எழுதிய அந்த 168 ஜிஎஸ்எம் ஆர்டரைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள். எந்த யூனிட், எத்தனை ரோல், மறுபடி ஓட்டியபின் எவ்வளவு வந்தது, ஷ்ரிங்கேஜ் (துணி சுருங்கும் அளவு) பார்த்தீர்களா, கூடுதல் செலவை யார் ஏற்றார்கள் என்று அவர் கேட்கக்கூடியவற்றை முந்தைய நாளே நினைவுபடுத்திக்கொண்டு போங்கள்.